முனி என்ற சொல்லுக்குள் இருக்கும் சினம்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்த எவருக்கும் 'முனி' என்ற சொல்லை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உச்சி வேளையில் ஆற்றோரம் தனியே போகாதே, இருட்டில் பெரிய மரத்தடியில் நிற்காதே, கறிச்சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு இரவில் குறுக்குப் பாதையில் நடக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கிற பெயர் அது. நன்றாக இருந்த ஆள் திடீரென்று விழுந்தால் "முனி அடிச்சிருச்சு" என்பார்கள்; நடந்துபோனவருக்குக் காய்ச்சலும் பிதற்றலும் வந்தால் "முனி பாஞ்சிருச்சு" என்பார்கள்; பேசாமல் முறைத்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்து "ஏன்டா முனி மாதிரி நிக்கிற" என்று கேட்பார்கள். அதே பிள்ளை பாடசாலைக்குப் போனதும் அகத்தியரைக் குறுமுனி என்று படிக்கிறது. அதே மலைச்சரிவில் வாழும் சிங்கள அயலவர் புத்தரைப் போற்றும்போது 'முனிந்து' என்கிறார். தவசிக்கும் புத்தருக்கும் உரிய ஒரு பெயர் எப்படி இரவில் உச்சரிக்கத் தயங்கும் பெயராகவும் ஆனது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் தமிழின் சொந்த வேரைப் பார்க்க வேண்டும். பழந்தமிழில் 'முனிதல்' என்பது ஒரு வினைச்சொல். சினத்தல், வெறுத்தல் என்பன அதன் பொருள்கள். "பல்லார் முனியப் பயனில சொல்லுவான் எல்லாரும் எள்ளப் படும்" என்ற குறளில் 'முனிய' என்பதற்கு 'வெறுக்க' என்றே உரைகாரர்கள் பொருள் கொள்கின்றனர். கணியன் பூங்குன்றனார் பாடிய, உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் புறநானூற்றின் 192 ஆம் பாடலிலும் இச்சொல் இருக்கிறது: "வாழ்தல் இனிதென மகிழ்ந்தன்றும் இலமே, முனிவின் இன்னாது என்றலும் இலமே." வாழ்க்கையின் மீது வெறுப்புற்று, அது துன்பமானது என்று சொல்வதும் இல்லை என்பது அதன் கருத்து. இதனோடு பிறந்த 'முனை' என்ற வடிவம் பகைமையையும் போர்க்களத்தையும் குறித்தது. ஒரே உணவைத் தின்று சலித்த எருமையையும் பறவையையும் சொல்லும்போது சங்கப் புலவர்கள் 'முனைஇ' என்கிறார்கள். கன்னடத்தில் இன்றும் 'முனிசு' என்றால் சினம், ஊடல். ஆகவே இது வடமொழியிலிருந்து வந்த சொல் அன்று, திராவிட மொழிகளுக்குப் பொதுவான ஒரு வேர் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

வடமொழியின் 'முனி' வேறொரு சொல். அதன் மூலம் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. நினைத்தல், உள்ளம் ஒன்றுதல் என்ற பொருளுடைய வேரோடு சிலர் அதை இணைக்கின்றனர். 'மௌனம்' என்ற சொல் 'முனி'யிலிருந்து பிறந்தது என்பது மட்டும் தெளிவு. முனியின் இயல்பே மௌனம். ஆனால் இந்தச் சொல்லின் மிகப் பழைய சித்திரம் நாம் நாட்காட்டிகளில் பார்க்கும் சாந்தமான தாடிக்கார முனிவரைப் போன்றது அன்று. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்து 136 ஆம் பாடல் நீண்ட முடி வளர்த்த முனிகளைப் பற்றியது. அவர்கள் காற்றையே ஆடையாகக் கொண்டவர்கள். அழுக்கேறிய மஞ்சள் நிறத் துணி உடுத்தவர்கள். காற்றின் வழியே ஆகாயத்தில் செல்பவர்கள். உருத்திரனோடு ஒரே கிண்ணத்தில் நஞ்சு குடிப்பவர்கள். நம் ஊர்களில் சடாமுனி என்று அஞ்சப்படும் உருவத்தை இதற்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், சடை, காற்று, தனிமை, ஊருக்கு வெளியே அலைதல் என்ற கூறுகள் எல்லாம் இரண்டிலும் இருப்பது தெரியும். ஒன்றிலிருந்து மற்றொன்று நேரே வந்தது என்று நான் சொல்லவில்லை. முனி என்ற கருத்தில் அச்சம் தரும் ஒரு கூறு தொடக்கத்திலேயே இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்த இரண்டு சொற்களும் தமிழில் சந்தித்தபோது ஒரு விசித்திரமான நிலை உருவாயிற்று. திருமுருகாற்றுப்படை, முருகனைக் காண வரும் தவசிகளைக் "காமமொடு கடுஞ்சினம் கடிந்த காட்சியர்" என்றும் "துனியில் காட்சி முனிவர்" என்றும் போற்றுகிறது. துனி என்பதும் வெறுப்பையே குறிக்கும். அதாவது, சினத்தையும் வெறுப்பையும் முற்றிலும் நீக்கியவர்களைக் குறிக்க, சினத்தையும் வெறுப்பையும் சுட்டும் தமிழ் வினையோடு ஒலியில் ஒன்றாகிவிட்ட ஒரு பெயர் வழங்கியிருக்கிறது. இதைச் சரிசெய்யவே, உலகப் பற்றை முனிந்தவர் முனிவர் என்று தமிழ் வேர் கொண்டு விளக்கினார்கள். தேவநேயப் பாவாணர் வழிவந்த தனித்தமிழ் அறிஞர்கள் சொல்லையே தமிழ் என்று கொள்வர். அழகான விளக்கம்தான் என்றாலும், எனக்கு அது பின்னால் பொருத்தப்பட்டதாகவே படுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி வினைச்சொல்லையும் பெயர்ச்சொல்லையும் தனித்தனிப் பதிவுகளாகவே கொள்கிறது. அதுவே பாதுகாப்பான நிலை. ஆயினும் அகராதியில் பிரித்துவைக்கப்பட்டவை மக்களின் காதில் பிரிந்து நிற்பதில்லை. புராணக் கதைகளில் வரும் முனிவர்களும் சினம் இல்லாதவர்களாகவா இருந்தார்கள்? துர்வாசர் என்றவுடன் சாபம்தான் நினைவுக்கு வருகிறது. விசுவாமித்திரரின் கதையில் பாதி அவருடைய கோபத்தின் கதை. தவத்தால் சேர்ந்த ஆற்றல் ஒரு நொடிச் சினத்தில் எரிந்து வெளிப்படும் என்ற எண்ணம் கதை கேட்டு வளர்ந்த சமூகத்தில் ஊறியிருந்தது. தமிழ் வேரின் பொருளும் வடமொழிப் பெயரின் உருவமும் அங்கேதான் ஒட்டிக்கொண்டன என்பது என் கருத்து.

அச்சத்தைக் குறிக்கும் மற்றப் பழஞ்சொற்களோடு ஒப்பிட்டால் முனியின் தனித்தன்மை விளங்கும். தொல்காப்பியத்தின் உரியியல் 'பே, நாம், உரும்' ஆகிய மூன்றும் அச்சப் பொருள் தருவன என்கிறது. இந்தப் 'பே'யின் உறவாகவே 'பேய்' என்ற சொல்லைக் காண முடிகிறது. பேய் என்பதன் உள்ளே இருப்பது அச்சம் மட்டுமே. மலைவாழ் மக்களுக்கு இன்னும் நெருக்கமானது 'சூர்'. குறிஞ்சி நிலத்து மலைச்சரிவிலும் சுனையிலும் உறைந்து, வருவோரைத் தீண்டி நடுங்கச்செய்யும் ஆற்றலுக்கு அந்தப் பெயர். குறுந்தொகையின் 52 ஆம் பாடலில், நீர் விளங்கும் மலைச்சரிவில் சூர் தீண்டியவளைப் போலத் தலைவி நடுங்கியதைத் தோழி சொல்கிறாள். அந்தச் சூர் பிற்காலத்தில் சூரபன்மன் என்ற அசுரனாக உருவெடுத்து, ஆண்டுதோறும் கந்தசஷ்டியில் தலை துண்டிக்கப்படும் பகைவனாக மாறிவிட்டது. பேய் அஞ்சவைக்கிறது, சூர் தீண்டுகிறது, இரண்டுக்கும் காரணம் தேவையில்லை. முனியின் நிலை அப்படியில்லை. சினம் என்று வந்துவிட்டால் ஏன் சினந்தது என்ற கேள்வி உடனே எழுகிறது. எதைச் செய்தால் ஆறும் என்ற கேள்வி அதைத் தொடர்கிறது. முனி தொடர்பான நம்பிக்கைகளும் வழிபாடுகளும் விலக்குகளும் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

தமிழகத்துச் சிற்றூர்களில் முனியின் இடம் ஊரின் நடுவே இருப்பதில்லை. எல்லை, ஏரிக்கரை, ஒற்றை மரம், இரண்டு பாதைகள் பிரியும் இடம் ஆகியவையே அவருடையவை. வடமாவட்டங்களில் பச்சையம்மன் கோயில்களின் முன்னால் வாமுனி, செம்முனி என்று ஆளுயரத்தை மிஞ்சிய சுதைச் சிலைகள் விழித்த கண்ணும் முறுக்கிய மீசையுமாக உட்கார்ந்திருக்கின்றன. மதுரைப் பக்கம் முனியாண்டி, சேலத்துப் பக்கம் முனியப்பன் என்று பெயர் மாறும். யாழ்ப்பாணத்தில் கோட்டைக்கு அருகே முற்றவெளியில் முனியப்பர் கோயில் கொண்டிருக்கிறார். பல இடங்களில் முனி கூரையை ஏற்பதில்லை என்று திறந்த வெளியிலேயே கல் நட்டு, சூலம் நிறுத்தி வணங்குவார்கள். இரவில் அவர் தம் எல்லையைச் சுற்றி வருவார். அவர் போகும் தடத்துக்கு முனி ஓட்டம் என்று பெயர். அதன் குறுக்கே வீடு கட்டக் கூடாது. இந்த விதியைக் கவனித்தால் ஒன்று புலப்படும். முனி யாரையும் தேடிவந்து கெடுப்பதில்லை. தம் வழியில் குறுக்கிட்டவரையே அடிக்கிறார். காவலுக்கு நிற்பவரின் கண்டிப்பு அது.

இந்தக் காவலர் கடல் கடந்து மலையகத்துக்கு வந்த வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. 1820களில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கைக்கும், 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடக்கிவைத்த தேயிலைக்கும் ஆள் சேர்த்தபோது, திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அந்தப் பாதையில் எண்ணற்றவர்களைக் கொன்றன. புதைக்கவும் ஆளின்றி விடப்பட்டவர்கள் பலர். ஊரிலிருந்து பிடிமண் எடுத்துவந்து புது இடத்தில் சாமியை நிலைநிறுத்தும் வழக்கம் தமிழருக்கு உண்டு. வந்து சேர்ந்த இடத்திலோ, அவர்கள் அறிந்த வயலும் ஏரியும் ஊர் எல்லையும் இருக்கவில்லை. அடர்ந்த காடு, சிறுத்தை, அட்டை, பனி, மண்சரிவு, அடையாளம் தெரியாத மரங்கள். எங்கே எல்லை போடுவது, எந்த மரத்தடியில் யாரை நிறுத்துவது என்பதை அவர்கள் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

தீர்மானித்தார்கள். தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களுக்கு அருகில் மாரியம்மனுக்குக் கோயில் எழுந்தது. ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிமார் பணம் சேர்த்தார்கள், தோட்டத்தை நடத்திய துரைமார் இடம் விட்டார்கள். தேயிலை மலைகளின் உச்சியிலும் ஓடைக்கரையிலும் பாறையடியிலும் மாடசாமி, கறுப்பண்ணசாமி, முனியாண்டி என்று காவல் தெய்வங்கள் நின்றன. கல், சூலம், சிவப்புத் துணி, சுருட்டு, சாராயம், சேவல். தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து தொடங்கும் முன் கும்பிடப்பட்ட கவ்வாத்துச்சாமி போல, தமிழகத்தில் எங்குமே இல்லாத, தோட்ட வேலையே பெற்றெடுத்த தெய்வங்களும் தோன்றின. அவற்றுள் இந்தக் கட்டுரைக்கு மிக முக்கியமானவர் ரோதமுனி.

சக்கரத்துக்குப் போர்த்துக்கேயர் 'ரோத' என்பார்கள். அச்சொல் சிங்களத்தில் 'ரோதய' ஆகவும் இலங்கைத் தமிழில் 'ரோதை' ஆகவும் தங்கிவிட்டது. கோப்பிக் காலத்தில் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரத்தை நீர்ச்சக்கரம் சுழற்றியது; தேயிலைக் காலத்தில் கொழுந்தைக் கசக்கும் ரோலர்களை ஒரே இயந்திரத்திலிருந்து நீண்ட இரும்புத் தண்டுகளும் தோல் பட்டிகளும் ஓட்டின. பகலில் பறித்த கொழுந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலாக மாடியில் வாட வேண்டும் என்பதால், ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை நடுநிசியிலும் விடியற்காலையிலும்தான் மும்முரமாக நடக்கும். வேட்டி நுனியோ கையோ பட்டியில் சிக்கினால் மனிதனை மிச்சம் வைக்காத அந்தச் சுழற்சிக்கு முன்னால், உழவிலிருந்து வந்த ஒருவர் முதன்முதலாக நின்றபோது எதை நினைத்திருப்பார்? ஓயாத ஓசை, இரவு, கட்டுக்குள் அடங்காத வேகம், கவனம் பிசகினால் உடனே வரும் அடி. இவற்றையெல்லாம் உடைய ஒன்றுக்கு அவருடைய மொழியில் பெயர் ஏற்கெனவே இருந்தது. அவர் அதைப் பேய் என்று அழைக்கவில்லை. ரோதையில் ஒரு முனி இருக்கிறார், அவருக்கு உரியதைக் கொடுத்து, அவர் வழியில் குறுக்கிடாமல் வேலை செய்ய வேண்டும் என்றார். மலையகம் தமிழுக்குத் தந்த சொற்களில் இதற்கு ஈடான இன்னொன்றை நான் அறியேன். போர்த்துக்கேய மொழி தந்த சக்கரமும் தமிழின் பழைய சினமும் வேதத்துத் தவசியின் பெயரும் தேயிலை ஸ்டோரின் சுவருக்குள் ஒரே சொல்லாகச் சேர்ந்திருக்கின்றன.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியவில்லை. திருநெல்வேலிச் சமூகம் ஒன்றைப் பற்றி 1849 இல் எழுதிய கிறிஸ்தவ மதபோதகர் கால்டுவெல், அம்மக்களின் நாட்டார் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே வகைப்படுத்தினார். இலங்கையில் 1854 இல் தோட்டத் தொழிலாளருக்கென்று கிறிஸ்தவ மிஷன் தொடங்கப்பட்ட காலமும் அதே மனநிலையின் காலம். ஒரு சமூகம் மிகக் கவனமாக வேறுபடுத்தி வைத்திருந்த பேய், பிசாசு, முனி, கறுப்பு, மாடன் ஆகிய அனைத்தும் ஒரே இருட்டுக் கூடைக்குள் கொட்டப்பட்டன. அதன் விளைவை இன்று படித்த தமிழர்களிடமே காண்கிறேன். முனி என்றால் கெட்ட ஆவி என்று தயங்காமல் சொல்கிறார்கள். தோட்டத் தொழிலாளரின் பெயர்ப் பதிவேடான செக்ரோலைப் புரட்டினால் போதும், அது தவறு என்று தெரிந்துவிடும். முனியாண்டி, முனியசாமி, முனியம்மா, முனியாயி என்று தலைமுறை தலைமுறையாகப் பெயர்கள் வரிசையாக நிற்கும். கெடுதியே உருவான ஒன்றின் பெயரைப் பெற்ற பிள்ளைக்கு எந்தத் தாய் வைப்பாள்? பேச்சி, பேச்சிமுத்து என்ற பெயர்களும் உண்டே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான்; பேய்ச்சியும் கோயில் கொண்டு காவலாக மாறிய பிறகே அந்தப் பெயர் பிள்ளைகளுக்கு வந்தது. அச்சத்துக்குரியதைப் பெயராக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நம் மக்களின் பழைய வழக்கம்.

புத்தரின் பெயரோடு உள்ள தொடர்பு இன்னும் ஆழமானது. சாக்கியமுனி என்ற வழக்கிலிருந்து பாளியும் சிங்களமும் முனி என்ற சொல்லைப் புத்தரின் பெயராகவும் வழங்கின. மஸ்கெலியாப் பக்கம் நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலைக்கு ஏறும் காலத்தில், மார்கழி முழுநிலவிலிருந்து வெசாக் வரை, சிங்கள யாத்திரிகர் வணங்கச் செல்வது அந்த முனியின் பாதத்தையே. வழிநெடுகக் கடை வைத்திருக்கும் தோட்டத்துத் தமிழருக்கு அது சிவனின் பாதம். முனியோ கீழே ஓடையருகில் நிற்பவர். தமிழகத்திலும் முனி ஒருகாலத்தில் புத்தராக இருந்திருக்கலாம் என்பதை மயிலை சீனி. வேங்கடசாமி போன்ற ஆய்வாளர்கள் முன்னரே சுட்டினார்கள்: பௌத்தம் மறைந்தபின் கேட்பாரற்றுப் போன சிலைகளை ஊர் மக்கள் முனீஸ்வரர் என்றும் தருமராசா என்றும் தொடர்ந்து வணங்கியிருக்கிறார்கள். சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று வணங்கப்பட்டுவந்த சிலை புத்தருடையதே என்று தொல்லியல் ஆய்வின் அடிப்படையில் 2022 இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லா முனியும் புத்தர் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். ஆனால் பெயர் தெரியாத, பேசாத, கண்மூடி அமர்ந்த ஒரு கல்லுருவம் ஊருக்கு வெளியே தனித்திருக்கும்போது மௌனமே அச்சமாக மாறுகிறது என்பதற்கு இது சான்று. சிங்களத்தில் யட்சர் எனப்படும் இயக்கர் 'யகா' என்ற கொடிய உருவாக மாறியதும், சமணரின் இயக்கி தென்தமிழகத்தில் இசக்கியாக அஞ்சப்படுவதும் இதே போக்கின் வேறு வடிவங்கள்.

ஒன்றை இங்கே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். 'முனி அடித்தது' என்று சொல்லப்படும் நிகழ்வுகளில் பல பாரிசவாதம் எனப்படும் பக்கவாதத்தின் அறிகுறிகளோடு அப்படியே பொருந்துகின்றன: வாய் கோணுதல், ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துபோதல், பேச்சுக் குழறல். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும். லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வரவே நெடுநேரம் எடுக்கும் தோட்டங்களில், குறிசொல்லும் கோடாங்கியை அழைத்து உடுக்கடித்து விடியும்வரை காத்திருப்பது உயிரை விலையாகக் கேட்கும். திருநீறு பூசுவதை யாரும் தடுக்க வேண்டாம். அதை வாகனத்தில் ஏற்றிய பிறகு பூசலாம்.

இன்று முனி மீண்டும் மாறிக்கொண்டிருக்கிறார். மலேசியத் தோட்டங்களிலிருந்து நகரங்களுக்குச் சென்ற முனியைப் போலவே, மலையகத்திலும் அவர் முனீஸ்வரர் ஆகிச் சிவனின் வடிவமாக விளக்கப்படுகிறார். மரத்தடிக் கல்லுக்குப் பதில் கொங்கிரீட் மண்டபம், சேவலுக்குப் பதில் பூசணிக்காய், சுருட்டுக்குப் பதில் ஊதுபத்தி, கும்பிடுகிற பூசாரிக்குப் பதில் குடமுழுக்குச் செய்யும் குருக்கள். உயிர்ப்பலி குறைவதை நான் வரவேற்கிறேன். ஆனால் கூரை ஏற்காதவருக்குக் கூரை போடுவதோடு அவருடைய எல்லையும் ஓட்டமும் விலக்குகளும் மறக்கப்படுவது வருத்தம் தருகிறது. ஓடையை அசுத்தப்படுத்தாதே, அந்த மரத்தை வெட்டாதே, அந்தச் சரிவில் வீடு கட்டாதே என்ற விலக்குகள் முனியின் பெயரால்தான் காக்கப்பட்டன. ரோதமுனியின் பெயரை இன்றைய இளைஞர் பலர் கேட்டதில்லை. ஆயுத பூசையன்று இயந்திரங்களுக்கு மாலை போடும்போது சரஸ்வதியின் படம் வைக்கப்படுகிறது. பழைய ஸ்டோர்களில் பட்டியும் தண்டும் கழற்றப்பட்டு ஒவ்வொரு ரோலரும் தனி மின்மோட்டாரில் ஓடுகிறது. அந்தப் பெயரை வாயில் வைத்துச் சொன்ன கடைசித் தலைமுறைத் தொழிலாளர் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். எந்த ஸ்டோரில், எந்த மூலையில், எந்த நாளில், என்ன படைத்தார்கள் என்பதை அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது பல்கலைக்கழக மாணவர்களும் தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர்களும் இப்போதே செய்யக்கூடிய வேலை.